எடைக் கட்டத்தில் வந்த சீட்டு எண்: சி மொழியின் மூன்று புள்ளிகளும் ஒரு செம்பனை எடை மேடையும்

சுங்கை சிப்புட் பட்டணத்தை விட்டு வெளியே வந்தால், ஒரு காலத்தில் பால்மரமாக (ரப்பராக) இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட (எண்ணெய்ப்பனையாகிவிட்ட) தோட்டங்கள் சாலையின் இரண்டு பக்கமும் தொடரும். அந்தச் சாலையில் ஒரு குலை கொள்முதல் இடம் இருக்கிறது. ஊரில் அதை 'ரேம்ப்' என்றுதான் சொல்வார்கள். சிறுதோட்டக்காரர்கள் குலையை லோரியில் கொண்டு வருவார்கள். லோரியோடு மேடையில் ஏற்றி ஓர் எடை, குலையைக் கொட்டிவிட்டு வெறும் லோரிக்கு ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்களுக்குக் காசு. எடைக்கருவி அனுப்பும் எண்ணைப் படித்துச் சீட்டு அடிக்கும் சிறிய சி புரோகிராம் ஒன்று அங்கே ஓடுகிறது. அதை எழுதியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பல வருடமாக நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

2025 டிசம்பர் 1, திங்கட்கிழமை காலை அந்தப் புரோகிராம் தவறான எடைகளை அடிக்க ஆரம்பித்தது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதைத் தேடும்போது இன்னும் என்னென்ன வெளியே வந்தன என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். சி மொழியில் மூன்று புள்ளி போட்டு, அதாவது எத்தனை மதிப்புகள் வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி, ஃபங்ஷன் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

அன்று காலை

அலுவலகத்தில் இருப்பவர் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'கிராணி ஐயா'. செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பேரேடு எழுதிப் பழகிய கை. சீட்டு மெஷினில் வந்தாலும், ஒவ்வொரு லோரிக்கும் நேரம், வண்டி எண், இரண்டு எடைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "மெஷினுக்கு மறதி வந்தா யாரைக் கேக்குறது?" என்றாராம்.

காலை எட்டரை மணி இருக்கும். நான் ஈப்போவில் வேலையில் இருந்தேன். அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 8:17க்கு அடித்த சீட்டு. அதில் இருந்தது இது:

சீட்டு எண்: அர்த்தமில்லாத ஓர் எண்
மொத்த எடை: 1764548252 கிலோ
வெறும் லோரி: 0 கிலோ
குலை எடை: 3860 கிலோ

முதல் மூன்றும் கெட்டுப் போயிருக்க, கடைசி வரி மட்டும் சரி. நோட்டில் மொத்தம் 6840, வெறும் லோரி 2980 என்று எழுதியிருந்தது. கழித்தால் 3860. காசு கொடுக்க வேண்டிய எண் சரியாக இருந்ததால் வண்டிகளை நிறுத்தவில்லை. மேலே உள்ள எண்களைப் பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

8:41க்கு அடுத்த சீட்டு. அதில் மொத்த எடை 1764549665. அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, இந்த எடை நம்ம சீட்டு நம்பர் மாதிரி இருக்கே. சனிக்கிழமை சீட்டெல்லாம் 17643ல ஆரம்பிக்குது. இது 17645. நம்பர் இடம் மாறி உக்காந்துட்டதா?"

அரை நாள் தேட வேண்டிய விஷயத்தை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். புரோகிராமை முதலில் எழுதியவர் சீட்டு எண்ணுக்குத் தனியாக எண்ணிக்கை வைக்கவில்லை. அந்த நொடியின் நேரத்தையே, அதாவது 1970 ஜனவரி 1 முதல் கணினி எண்ணிவரும் நொடிகளையே, சீட்டு எண்ணாக வைத்திருந்தார். இரண்டு சீட்டிலும் 'எடை' என்று வந்த எண்களைக் கழித்துப் பார்த்தேன். 1413. அதாவது 23 நிமிடம் 33 நொடி. நோட்டில் இருந்த 8:17க்கும் 8:41க்கும் அது பொருந்தியது. எடைக் கட்டத்தில் வந்தது எடையே இல்லை, நேரம்.

முந்தின நாள் நான் செய்தது

புரோகிராம் ஓடும் பெட்டியில் இருந்தது ராஸ்பெர்ரி பை 2 என்ற சிறிய கணினி. 2015ல் வந்தது, 32 பிட் செயலி. சனிக்கிழமை இரவு அதன் மெமரி கார்டு செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை புதிய கார்டில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, புரோகிராமைக் கம்பைல் செய்தேன். கை வைக்கிறதுதான் வைக்கிறோம், 2038 பிரச்சினையையும் முடித்துவிடுவோம் என்று நினைத்தேன். நேரத்தை 32 பிட் எண்ணாக வைக்கும் கணினிகளில் அது 2147483647ஐத் தாண்ட முடியாது. மலேசிய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 11:14:07க்கு அந்த எண் நிரம்பிவிடும். 2021ல் வந்த கிளிப்சி 2.34 (லினக்ஸின் சி நூலகம்) முதல், 32 பிட் கணினியிலும் நேரத்தை 64 பிட்டாக வைத்துக்கொள்ள ஒரு குறி உண்டு. எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில் அந்தக் குறியைச் சேர்த்தேன். அதோடு சேர்ந்தே வர வேண்டிய ஃபைல் அளவுக் குறியையும் சேர்த்தேன்.

கம்பைலர் ஓர் எச்சரிக்கையும் தரவில்லை. என் லேப்டாப்பில் எல்லாச் சோதனையும் ஓடின, எல்லாம் சரி. பெட்டியைக் கொண்டுபோய் மாட்டி, திரையில் மேடையின் எடை வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். அன்று ரேம்ப் மூடியிருந்தது. ஒரு சீட்டு அடித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

மூன்று புள்ளிக்குள் என்ன இருக்கிறது

சீட்டுக்கும் கணினியில் உள்ள பதிவேட்டுக்கும் எழுதுகிற வேலையை ஒரே ஃபங்ஷன் செய்கிறது. அதற்கு 'எழுது' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதற்கு அனுப்பும் முதல் மதிப்பு, அதாவது முதல் ஆர்கியூமென்ட், ஃபார்மேட்: எதை எந்த வடிவில் அடிப்பது என்று சொல்லும் வரி. பிறகு மூன்று புள்ளிகள். உள்ளே வா_ஸ்டார்ட் போட்டு, பட்டியலை விஎஸ்என்பிரிண்ட்எஃப்பிடம் கொடுத்து, வா_எண்ட் போட்டு முடிக்கும். சி மொழியில் அச்சிடும் பிரிண்ட்எஃப்பைச் சுற்றி இப்படி ஓர் உறை எழுதாத சி புரோகிராமரே இருக்க மாட்டார்.

ரேம்பில் வேலை செய்பவர்களுக்கு நான் இதை விளக்கினது இப்படி. லோரி வருகிறது. டிரைவரிடம் ஒரு சிட்டை இருக்கிறது. சிட்டையில் 'முதலில் ஒரு பெரிய மூட்டை, பிறகு இரண்டு சின்ன மூட்டை' என்று எழுதியிருக்கிறது. இறக்குகிறவர் மூட்டைகளைத் திறந்து பார்ப்பதில்லை, எண்ணிப் பார்ப்பதும் இல்லை. சிட்டை சொல்கிற அளவுக்கு லோரியின் முனையிலிருந்து வரிசையாக இறக்கிக்கொண்டே போவார். சிட்டை தப்பாக இருந்தால் ஒரு மூட்டையின் பாதி ஒரு பக்கமும், மீதி அடுத்த பெயரிலும் போய்ச் சேரும். அவருக்கு அது தெரியவே தெரியாது.

ஃபார்மேட்தான் அந்தச் சிட்டை. ஆர்கியூமென்ட்கள் லோரிச் சுமை. அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும் வா_ஆர்க் இறக்குகிறவர். வந்த ஆர்கியூமென்ட்கள் எத்தனை, அவை என்ன வகை என்ற விவரம் எதுவும் கூடவே வருவதில்லை. சாதாரண ஃபங்ஷனை அழைக்கும்போது கம்பைலர் அதன் அறிவிப்பைப் பார்த்து வகைகளைச் சரிசெய்துகொள்ளும். மூன்று புள்ளிக்கு அந்தப் பக்கம் சரிசெய்வதற்கு அறிவிப்பே இல்லை. அங்கே நடப்பதெல்லாம் பழைய பழக்கத்தின்படி வரும் மாற்றங்கள் மட்டும்தான்: கேரக்டரும் ஷார்ட்டும் இன்ட்டாக வளரும், ஃப்ளோட் டபுளாக வளரும். அதனால்தான் வா_ஆர்க்கிடம் 'ஃப்ளோட் கொடு' என்று கேட்பது எப்போதும் தவறு. அந்த இடத்துக்கு ஃப்ளோட் வந்து சேர வழியே இல்லை. நல்லவேளை, அதை மட்டும் ஜிசிசி கம்பைலர் பார்த்ததும் சொல்லிவிடும்.

1989ல் சி மொழிக்கு முதல் தரநிலை வந்தபோது இந்த ஏற்பாட்டை எஸ்டிடிஆர்க் என்ற தலைப்புக் கோப்பில் வைத்தார்கள். அதன்பின் 1999ல், பட்டியலை நகலெடுக்கும் வா_காப்பி சேர்ந்தது. சி23 என்ற புதிய தரநிலையில் மூன்று புள்ளிக்கு முன்னால் ஒரு பெயருள்ள ஆர்கியூமென்ட் கட்டாயம் என்ற விதியும் போய்விட்டது. ஆனால் 'வகையை யாரும் சரிபார்ப்பதில்லை' என்ற அடிப்படை மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது.

எண் எப்படி இடம் மாறியது

இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் சீட்டில் வந்த ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்கு சொல்ல முடியும்.

சீட்டின் முதல் மூன்று எண்களை அடிக்கும் வரியில் ஃபார்மேட் '%எல்டி %டி %டி' என்று இருந்தது. %எல்டி என்றால் லாங் வகை முழு எண், %டி என்றால் இன்ட் வகை முழு எண். அனுப்பிய ஆர்கியூமென்ட்கள்: நேரம், மொத்த எடை, வெறும் லோரி எடை. பழைய கார்டில் நேரம் 32 பிட் லாங். %எல்டி என்பதும் 32 பிட் லாங். பொருத்தம் சரி. நான் சேர்த்த குறிக்குப் பிறகு நேரம் 64 பிட் லாங் லாங் ஆகிவிட்டது. ஃபார்மேட்டில் எழுதியிருப்பது மட்டும் பழையபடியே.

32 பிட் ஆர்ம் செயலியில் முதல் நான்கு ஆர்கியூமென்ட் இடங்கள் ஆர்0 முதல் ஆர்3 வரையுள்ள ரெஜிஸ்டர்கள், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய இடங்கள். அதற்கு மேல் உள்ளவை நினைவகத்தில் ஸ்டாக் என்ற பகுதிக்குப் போகும். 64 பிட் எண்ணுக்கு அடுத்தடுத்து இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும், அந்த ஜோடி இரட்டைப்படை எண்ணில் தொடங்க வேண்டும். ஆகவே அனுப்பும் பக்கத்தில் நடந்தது இது:

ஆர்0: ஃபார்மேட்
ஆர்1: காலியாக விட்டது
ஆர்2: நேரத்தின் கீழ்ப்பாதி
ஆர்3: நேரத்தின் மேல்பாதி
ஸ்டாக்: மொத்த எடை, அடுத்து வெறும் லோரி எடை

படிக்கும் பக்கம் சிட்டையைப் பார்த்து வரிசையாக 32 பிட், 32 பிட், 32 பிட் என்று எடுத்தது. முதல் %எல்டிக்கு ஆர்1. அதில் யாரும் எதுவும் வைக்கவில்லை, முந்தைய வேலையின் மிச்சம் ஏதோ கிடந்தது. அதுதான் சீட்டு எண்ணாக வந்த அர்த்தமில்லாத எண். அடுத்த %டிக்கு ஆர்2. அதில் இருந்தது நேரத்தின் கீழ்ப்பாதி, 1764548252. அது மொத்த எடைக் கட்டத்தில் போய் விழுந்தது. அதற்கு அடுத்த %டிக்கு ஆர்3. நேரத்தின் மேல்பாதி 2106ஆம் ஆண்டு வரைக்கும் பூஜ்யம்தான். அதனால் வெறும் லோரி 0 கிலோ. உண்மையான எடைகள் இரண்டும் ஸ்டாக்கில் யாரும் தொடாமல் அப்படியே கிடந்தன.

குலை எடை வேறு ஒரு தனி அழைப்பில், ஒரே ஓர் இன்ட்டாகப் போனதால் தப்பித்தது.

இது வரைக்கும் சரி, கெட்டது கண்ணுக்குத் தெரிகிறது. 176 கோடி கிலோ குலையை எந்த லோரியும் தூக்காது. பயப்பட வேண்டியது பதிவேட்டை. அதற்கும் இதே ஃபங்ஷன்தான். ஆனால் வரிசை வேறு: வண்டி எண், நேரம், மொத்தம், வெறும் லோரி, குலை எடை. ஃபார்மேட் '%எஸ் %எல்டி %டி %டி %டி'. %எஸ் என்பது எழுத்துகளுக்கு. இப்போது ஆர்1ல் வண்டி எண் உட்கார்ந்துவிடுகிறது. நேரத்துக்கு ஆர்2, ஆர்3 இயல்பாகவே கிடைக்கிறது, நடுவில் காலி இடம் இல்லை. படிக்கும்போது வண்டி எண் சரி. %எல்டி ஆர்2ஐ எடுக்கிறது, நேரமும் சரி. அடுத்த மூன்றும் ஒரு படி தள்ளிப் போகின்றன. மொத்த எடையின் இடத்தில் ஆர்3ல் இருந்த பூஜ்யம். வெறும் லோரியின் இடத்தில் 6840. குலை எடையின் இடத்தில் 2980.

2980 என்பது லோரியின் எடை. ஆனால் குலை எடை என்று பார்த்தாலும் நம்பும்படியான எண். மாலையில் காசுக் கணக்கு போடும் புரோகிராம் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை மட்டும்தான் எடுக்கும். அந்தச் சிறுதோட்டக்காரருக்கு 880 கிலோ குலைக்கான காசு குறைந்திருக்கும். சீட்டில் 3860 என்று கையில் வைத்திருப்பார், பட்டுவாடாவில் 2980க்குக் கிடைத்திருக்கும். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி சொல்கிற எண்ணை நம்பித்தான் அவருக்கு அந்த மாதம் ஓடும். அந்த வீட்டிலிருந்து வந்த நான் எழுதிய ஒரு வரியால் இன்னொருவரின் எடை குறைந்திருக்கும் என்பதை நினைத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது.

பதிவேட்டைப் பார்க்கச் சொன்னது யாரும் இல்லை. சீட்டின் வரியைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். காரணம் புரிந்த பிறகுதான், 'நேரத்தை அனுப்பும் மற்ற இடங்கள் எங்கே' என்ற கேள்வி வந்தது.

லேப்டாப் ஏன் சொல்லவில்லை

லேப்டாப் 64 பிட் இன்டெல், லினக்ஸ். அங்கே லாங் 64 பிட், நேரமும் 64 பிட். %எல்டி எப்போதும் பொருந்தும். எத்தனை தடவை சோதித்தாலும் இந்தப் பிழை அங்கே வரவே வராது.

நான் லேப்டாப்பை அவ்வளவு நம்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பு ஒருமுறை 'எழுது' ஃபங்ஷன் ஒரே வா_லிஸ்ட்டை, அதாவது ஒரே ஆர்கியூமென்ட் பட்டியலை, இரண்டு தடவை பயன்படுத்தியது, பிரிண்டருக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று. ராஸ்பெர்ரி பையில் அது சரியாகவே ஓடியது. அங்கே வா_லிஸ்ட் என்பது ஒரு பாயின்டரை வைத்திருக்கும் சிறிய ஸ்ட்ரக்ட். அதை அனுப்பும்போது நகல்தான் போகும், நம் கையில் உள்ளது தொடக்கத்திலேயே நிற்கும். இன்டெல் 64 பிட்டில் அது ஓர் அரே. அனுப்பினால் அசலே போகிறது, முதல் தடவையிலேயே பட்டியல் நகர்ந்துவிடும். லேப்டாப்பில் இரண்டாவது வரி குப்பையாக வந்தது. வா_காப்பி போட்டுத் திருத்தினேன். அன்றிலிருந்து 'லேப்டாப்தான் கண்டிப்பான வாத்தியார், அது சரி என்றால் பையிலும் சரி' என்று மனதில் பதிந்துவிட்டது. இந்தத் தடவை அது தலைகீழாகப் போனது.

கம்பைலரின் வாயைத் திறக்க வைத்தது

நேராக பிரிண்ட்எஃப்பை அழைத்திருந்தால் ஜிசிசி உடனே சொல்லியிருக்கும். பிரிண்ட்எஃப் குடும்பத்தின் ஃபார்மேட்டை அது படித்துப் பொருத்திப் பார்க்கும். நாம் எழுதிய உறைக்குள் எந்த ஆர்கியூமென்ட் ஃபார்மேட் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு 'ஃபார்மேட்' என்ற ஆட்ரிபியூட், அதாவது கம்பைலருக்கான குறிப்பு, உண்டு: இது பிரிண்ட்எஃப் மாதிரி, முதல் ஆர்கியூமென்ட்தான் ஃபார்மேட், இரண்டாவதிலிருந்து பொருத்திப் பார். அறிவிப்பில் ஒரே ஒரு வரி. ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டுமே புரிந்துகொள்ளும்.

அந்த ஒரு வரியைச் சேர்த்து, ஃபார்மேட் எச்சரிக்கைகளைப் பிழையாக்கி, பையிலேயே கம்பைல் செய்தேன். ஏழு இடத்தில் நின்றது. ஆறு, நேரத்தை %எல்டியில் அனுப்பியவை. அவற்றையெல்லாம் லாங் லாங் ஆக மாற்றி %எல்எல்டி போட்டேன். நேரத்தின் அளவு எந்தக் கணினியில் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, பழைய இன்டெல் வகையான ஐ386ஐத் தவிர மற்ற 32 பிட் கணினிகளில் நேரத்தை 64 பிட் ஆக்கிவிட்டது. அதனால் இதே மாதிரி %எல்டிகள் இன்னும் எத்தனையோ பெட்டிகளில் காத்துக்கொண்டிருக்கும். உங்களிடமும் பழைய 32 பிட் பெட்டி இருந்தால், ஆட்ரிபியூட்டை முதலில் சேருங்கள், அப்புறம் 64 பிட் நேரத்துக்கு மாறுங்கள்.

ஏழாவது இடம் வேறு ரகம். கிராணி ஐயா சீட்டில் குறிப்பு எழுத ஒரு பெட்டி உண்டு. அவர் தட்டியதை அப்படியே 'எழுது' ஃபங்ஷனின் முதல் ஆர்கியூமென்டாகக் கொடுத்திருந்தார்கள். அதாவது அவர் தட்டுவதே ஃபார்மேட். ஆலைக்காரர்களும் படிக்க வேண்டும் என்பதால் குறிப்பை மலாயில் எழுதுவார். '5% டாரி பெராட்' என்று, எடையில் ஐந்து விழுக்காடு. மலாயில் அந்த 'டாரி'யின் முதல் எழுத்து, பிரிண்ட்எஃப் முழு எண்ணுக்கு வைத்திருக்கும் அதே எழுத்து. விழுக்காட்டுக் குறிக்கும் அந்த எழுத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தால் தவறில்லை, பிரிண்ட்எஃப்பில் இடைவெளியும் ஓர் ஏற்கத்தக்க குறிதான். ஆக 'டாரி'யின் தலையெழுத்து போய், அந்த இடத்தில் எங்கிருந்தோ ஓர் எண் வந்து உட்காரும்.

இதை நான் அவரிடம் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னார். "ஆமா தம்பி, விழுக்காடு குறி போட்டா அதுக்குப் பிடிக்காது. ரொம்ப நாளா பெராதுஸ்னு எழுத்துலதான் போடுறேன்." வருடக்கணக்காக ஒரு பிழையைச் சுற்றி நடந்து போயிருக்கிறார், புகாரே இல்லாமல். அவர் பதிலாக எழுதிக்கொண்டிருந்த அந்தச் சொல்லைச் சீட்டுகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. திருத்தம் சின்னது: ஃபார்மேட்டாக '%எஸ்', குறிப்பை இரண்டாவது ஆர்கியூமென்டாக. வெளியாட்கள் தட்டும் இடமாக இருந்தால் இது பாதுகாப்பு ஓட்டையும்கூட.

கழிவில் இருந்த பூஜ்யம்

மூன்று புள்ளி உள்ள ஃபங்ஷன்களை எல்லாம் தேடியபோது இன்னொன்று அகப்பட்டது. குலையைத் தரம் பார்க்கும்போது எடையிலிருந்து நான்கு கழிவுகள் போடுவார்கள்: காய்க்குலை, அழுகல், நீண்ட காம்பு, ஈரமும் அழுக்கும். நான்கையும் கூட்ட ஒரு ஃபங்ஷன். ஆர்கியூமென்ட்களை வரிசையாகப் படித்துக் கூட்டிக்கொண்டே போய், 0 வந்தால் நிறுத்தும். அழைக்கும்போது கடைசியில் 0 போட்டு முடிப்பார்கள். பட்டியலுக்கு முடிவுக்குறி வைக்கும் பழைய வழக்கம்.

எடையில் பூஜ்யம் என்பது முடிவு இல்லை, அதுவும் ஓர் எடைதான். காய்க்குலை 0, அழுகல் 25, காம்பு 10, ஈரம் 40 என்று இருந்தால் கழிவு 75 கிலோ வர வேண்டும். முதல் எண்ணே 0 என்பதால் ஃபங்ஷன் அங்கேயே நின்றுவிடும். கழிவு 0. வேறொருவருக்குக் காய் 15, மற்றவை அதேதான் என்றால் முழு 90ம் கழியும். காய் 15, அழுகல் 25, காம்பு 0, ஈரம் 40 என்றால் 40 மட்டும் கழியும், ஈரத்தின் 40 காணாமல் போகும். ஒரே மழையில் நனைந்து வந்த இரண்டு லோரிகளில் ஒன்றுக்கு ஈரம் கழிந்தது, இன்னொன்றுக்குக் கழியவில்லை. சீட்டில் மொத்தக் கழிவு மட்டும்தான் அடிக்கும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. "கழிவு பூஜ்யம்னு வந்தா நல்ல குலைன்னு நெனச்சுக்குவேன்" என்றார் கிராணி ஐயா.

இதற்குக் கார்டு சாகவில்லை, குறி மாறவில்லை. புரோகிராம் எழுதிய நாளிலிருந்தே இப்படித்தான். திங்கட்கிழமைப் பிழை சத்தம் போட்டது, அதனால் அரை நாளில் முடிந்தது. இது சத்தமே போடவில்லை.

முடிவுக்குறியை -1 ஆக்கலாமா என்று முதலில் யோசித்தேன். மேடையில் அப்பியிருந்த சேறு மழையில் கழுவிப் போனால் கருவி சில கிலோ மைனஸில் காட்டும் என்பது ஞாபகம் வந்தது. எடை வரும் இடத்தில் எந்த எண்ணையும் 'இது எடையாக இருக்காது' என்று ஒதுக்கி வைக்க முடியாது. பாயின்டர் பட்டியலாக இருந்தால் கடைசியில் நல் பாயின்டர் போடலாம். அதை மறந்தால் ஜிசிசியின் 'சென்டினல்' ஆட்ரிபியூட் சொல்லிவிடும். அப்போதும் வெறும் 0 என்று போடாமல் கேரக்டர் பாயின்டராகவே மாற்றிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 64 பிட் கணினியில் மேல்பாதியில் என்ன இருக்கும் என்று உறுதி இல்லை. இன்ட் பட்டியலுக்கு அந்த உதவியும் கிடையாது.

எண்ணிக்கையை முதல் ஆர்கியூமென்டாக அனுப்புவது அடுத்த வழி. அதில் 4 என்று எழுதிவிட்டு மூன்றை அனுப்பினால் மறுபடி அதே கதை. மேக்ரோ ஒன்றை எழுதி, ஆர்கியூமென்ட்களைத் தற்காலிக அரேயாக்கி, சைஸ்ஆஃப் மூலம் எண்ணிக்கையைக் கம்பைலரையே கணக்கிட வைக்கலாம். சி99 முதல் அது முடியும், நல்ல வழிதான். ஆனால் என் கேள்வி வேறு: கழிவு எப்போதும் நான்குதான், இதற்கு எதற்கு மூன்று புள்ளி? நான்கு பெயருள்ள கட்டங்களோடு ஒரு ஸ்ட்ரக்ட் போட்டேன், அதைக் கூட்டும் சாதாரண ஃபங்ஷன் ஒன்று. எண்ணிக்கை உண்மையிலேயே மாறும் இடத்துக்கு மட்டும், அதுவும் கம்பைலர் பார்க்கும்படி மட்டும், மூன்று புள்ளியை விட்டு வைத்தேன். இப்போது அந்தப் புரோகிராமில் 'எழுது' ஒன்றுதான் அப்படி இருக்கிறது.

திருத்தியதும் கணக்கும்

திங்கட்கிழமை மதியம் ரேம்புக்குப் போய்ச் சேர்ந்தேன். அதுவரை அடித்த எல்லாச் சீட்டையும் கிராணி ஐயாவின் நோட்டை வைத்து, பதிவேட்டில் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அவர் வாசிக்க, நான் தட்ட, மறுபடி நான் வாசிக்க, அவர் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். பட்டுவாடா நேரத்துக்கு முன்னால் முடிந்தது. யாருக்கும் குறையவில்லை.

பழைய கழிவுகளைப் பற்றி முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன். கழியாமல் போனதெல்லாம் அவர் காசு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "யார்கிட்டயும் திரும்பக் கேக்க வேணாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கழிக்கணும், அதை மட்டும் பாத்துக்க" என்றார். அதற்காகச் சீட்டில் மொத்தக் கழிவோடு நான்கு கழிவுகளையும் தனித்தனியாக அடிக்கும்படி மாற்றினேன். காகிதம் இரண்டு வரி கூடுதலாகப் போகும், பரவாயில்லை என்றார்.

சோதனையையும் மாற்றிவிட்டேன். லேப்டாப் ஒன்றை மட்டும் நம்பாமல், என்னிடமிருந்த இன்னொரு பை 2ல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முழுச் சீட்டும் ஒரு பதிவேட்டு வரியும் எழுதவைத்து, எதிர்பார்க்கும் வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறேன். அதில் ஒரு சோதனையில் காய்க்குலை வேண்டுமென்றே 0. இன்னொன்றில் குறிப்புப் பெட்டியில் விழுக்காட்டுக் குறி.

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு லோரி வந்தது. குலை நனைந்திருந்தது. கிராணி ஐயாவிடம், இன்றைக்குக் குறிப்பில் விழுக்காட்டுக் குறியே போடுங்கள் ஐயா என்றேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி '5% டாரி பெராட்' என்று தட்டி, பிரிண்டர் சத்தம் நிற்கும் வரை காத்திருந்து, சீட்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அப்புறம் நோட்டைத் திறந்து அதே வரியை அதிலும் எழுதிக்கொண்டார்.